ராமாயியின் முத்திரை

மகனே, நீ எடுக்கச் சொன்ன பக்கத்தை நான் எடுக்கவில்லை. தபால் முத்திரைக் கண்காட்சி நடந்த மூன்று நாளும் அது சுவரில் தொங்கியது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏதோ சமாதானம் பேச எழுதுகிறேன் என்று நினைப்பாய். அன்றைக்குத் தொலைபேசியில், "அப்பா, பதினாறு பக்கத்துல ஒரே ஒரு பக்கம் தானே? கல்யாணம் முடியட்டும், பிறகு வேணும்னா போடுங்க" என்றாய். "பார்ப்போம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் கேட்கவில்லை என்று தெரிந்த பிறகு நீ அம்மாவோடு மட்டும் பேசுகிறாய். பரவாயில்லை. தொலைபேசியில் உன்னோடு வாதாட எனக்கு வராது. நீ டாக்டர், வேகமாகப் பேசுவாய். நான் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கலக்கிக் கொடுத்தவன். ஆறுதலாக எழுதத்தான் தெரியும். இன்னும் மூன்று கிழமையில் உனக்குக் கல்யாணம். உன் மாமனார் ஆகப்போகிறவர் எனக்குப் புதிய ஆள் இல்லை. புசல்லாவைக்கு மேலே நான் வேலை பார்த்த தோட்டத்தின் அலுவலகத்தில், கந்தோரில், அவர்தான் பெரிய கிளாக்கர். அந்தப் பக்கம் அவர் மனதைப் புண்படுத்தும் என்று பயந்தாய். புண்படுத்தத்தான் செய்தது. ஆனால் அவரைவிட அது என்னைத்தான் அதிகம் காட்டிக்கொடுக்கிறது. ஏன் என்பதை உனக்கு நான் இதுவரை முழுதாகச் சொன்னதில்லை.

முத்திரை சேர்ப்பதை நீ என் பொழுதுபோக்கு என்பாய். அது எப்படித் தொடங்கியது என்று தெரியுமா? தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் இருந்தவர்களின் சொந்தக்காரர்கள் பாதிப்பேர் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். அங்கிருந்து வரும் கடிதங்களை வாசித்துக் காட்டச் சொல்லி டிஸ்பென்சரிக்குக் கொண்டுவருவார்கள். இருமல் மருந்துக்கு வருகிறவரின் மடியில் ஒரு கடிதமும் இருக்கும். வாசித்து முடித்ததும் சிலர் உறையை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். அப்படி விட்டுப்போன ஓர் உறையில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு தாதியின் படம் இருந்தது. இன்னொன்றில் மலேரியா பரப்பும் நுளம்பு. வேறொன்றில் நுணுக்குக்காட்டியைக் குனிந்து பார்க்கும் ஒருவர். நான் நாள் முழுதும் கையாளும் காரியத்தை ஏதோ ஒரு நாடு மதித்து அச்சடித்து, ஊர் ஊராக அனுப்புகிறதே என்று எனக்கு ஒரே பூரிப்பு. வெந்நீரில் ஊறவைத்து உரித்து, பழைய மருந்துக் கொப்பியில் ஒட்டினேன். அப்படித் தொடங்கியதுதான் இன்று அரை அலுமாரியை அடைத்துக்கொண்டிருக்கிறது.

அம்மைக்குத் தடுப்பூசி கண்டுபிடித்த கதை, மலேரியாவை ஒழிக்க உலகமே சேர்ந்தது, காச நோய்க்கு எதிரான இரட்டைச் சிலுவை, மூலிகைகள், நம் நாட்டுப் பழைய ஆஸ்பத்திரிகளில் நோயாளியைப் படுக்கவைத்த கல் மருந்துத் தோணி, உப்புச்சீனித் தண்ணீர் கரைக்கும் தாய் என்று எல்லாம் என்னிடம் இருக்கிறது. ஓய்வுபெற்றுக் கட்டுகஸ்தோட்டைக்கு வந்த பிறகு, கண்டியில் சனிக்கிழமை கூடுகிற முத்திரைக்காரர்களோடு சேர்ந்தேன். இந்த வருடக் கண்காட்சிக்கு நீங்களும் ஒரு சட்டகம் வையுங்கள் என்றார்கள். ஒரு சட்டகத்துக்குப் பதினாறு பக்கம். 'முத்திரைகளில் மருத்துவம்' என்று தலைப்பிட்டு அடுக்கத் தொடங்கினேன். அடுக்க அடுக்க ஒன்று கண்ணில் பட்டது. ஊசி போடுகிற வைத்தியருக்குப் பெயர் இருக்கிறது. ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைக்குப் பெயர் இல்லை. கிருமியைக் கண்டவருக்குப் பெயர் இருக்கிறது. கிருமி உள்ள தண்ணீரைக் குடித்தவளுக்கு இல்லை. சுத்தமான குடிநீர் பற்றிய பக்கத்துக்கு வந்தபோது என் கை நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்த மருத்துவ வரலாற்றில் அந்த இடத்தில் இருக்கவேண்டியவள் ஒருத்திதான். அவளுக்கு முத்திரை இல்லை.

உனக்கு அப்போது நாலு வயது. தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில், அதுதான் தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் இடத்தில், ராமாயி ஆயாவாக இருந்தாள். நீயும் அங்கே விளையாடியிருக்கிறாய். ஒரு மழைக்காலத்தில் லயத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. முதல் நாள் மூன்று பிள்ளைகள், மறுநாள் பதினொரு பிள்ளைகள். லயத்துக்கு மேலே இருந்த தண்ணீர்த் தொட்டியின் மூடி உடைந்து மாதக்கணக்காகிவிட்டது. மழை கழுவிக் கொண்டுவந்ததெல்லாம் அதற்குள்தான் விழுந்தது. இதைக் கண்டுபிடிக்க நுணுக்குக்காட்டி தேவையில்லை. நான் பதிவேட்டை எடுத்து வைத்து, எழுதுவதற்குப் பேனாவைத் திறந்தபோது பெரிய கிளாக்கர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"தண்ணியாலன்னு எழுதிறாதீங்க, ஐயா. சுகாதாரக் கந்தோர் ஆளுங்க வந்து நின்னா, பதில் சொல்றது யாரு? தொரையும் லீவுல. இப்போதைக்குக் காய்ச்சல்னு போடுங்க."

நான் காய்ச்சல் என்று போட்டேன். பதினொரு பெயர், பதினொரு முறை காய்ச்சல். மிரட்டவில்லை, அடிக்கவில்லை. ஒரு மனிதர் தன்மையாகக் கேட்டார், நான் எழுதினேன். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "பிள்ளைக்குக் கொதிக்கவச்ச தண்ணி மட்டும் குடு" என்றேன். நமக்கு வந்தது வேறு ஊற்றிலிருந்து பீலியில் இறங்கும் தண்ணீர். அதையும் கொதிக்கவைத்துத்தான் உனக்குக் கொடுத்தோம். லயத்துக்குப் போய் அதே வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால், பதிவேட்டில் எழுதியது பொய் என்று ஆகிவிடுமே.

ராமாயிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகவே பிள்ளைமடுவத்தில் அடுப்பை மூட்டி, பெரிய குண்டானில் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். விறகு வீணாகிறது என்று கந்தோரிலிருந்து ஏச்சு வந்தது. மூன்றாம் நாள் காலையில் என்னிடம் வந்து நின்றாள்.

"ஐயா, மூடி உள்ள போத்தல் ஒன்னு தாங்க."

"எதுக்கு?"

"தொட்டித் தண்ணியப் பிடிச்சிட்டுப் போகணும்."

"உனக்கேன் வீண் வம்பு, ராமாயி?" என்றேன். அலுமாரி நிறையப் போத்தல் இருந்தது. கொடுக்கவில்லை.

அவள் பிள்ளைமடுவத்துப் பால் போத்தல் ஒன்றில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து, மடியில் கட்டிக்கொண்டு, மலையிறங்கி மெயின் ரோட்டில் பஸ் ஏறினாள். சுகாதாரப் பரிசோதகரின் கந்தோர் வாசலில், அவர் வருவார் என்று மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தாளாம். அவளுக்குத் தெரிந்த சிங்களம் ஒரு கைப்பிடி. போத்தலை அவர் மேசையில் வைத்து "வத்துர நரகய், மாத்தயா" என்றாளாம். தண்ணீர் கெட்டுவிட்டது என்று சொல்ல அது போதுமானதாக இருந்தது. மறுநாள் அந்தப் பரிசோதகர் மழையில் நனைந்துகொண்டு மலையேறி வந்தார். தொட்டியை இறைத்துக் கழுவி மருந்து போட வைத்தார். ஒரு கிழமைக்குள் வயிற்றோட்டம் நின்றது. ஆனால் அவர் வந்த அன்று விடியக் காலையிலேயே ஒரு பிள்ளை செத்துப்போயிருந்தது. மூன்று வயதுப் பெண்பிள்ளை.

பரிசோதகர் என் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். "டிஸ்பென்சர், இது காய்ச்சல் இல்ல தானே?" என்று சிங்களத்தில் கேட்டார். "எனக்குத் தெரியலைங்க" என்றேன். ஒரு பொய் எழுதினேன், இன்னொரு பொய் சொன்னேன். இரண்டுக்கும் எனக்கு ஒரு தண்டனையும் இல்லை. ராமாயியைத்தான் பிள்ளைமடுவத்திலிருந்து எடுத்து, மலையில் புல்லு வெட்டப் போட்டார்கள். சொல்லாமல் வெளியே போனாளாம். எனக்காக இல்லாவிட்டாலும் அவளுக்காகவாவது ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. ஓய்வுபெறும்வரை அந்தத் தோட்டத்தில் எல்லோரும் என்னை டாக்டரய்யா என்று கூப்பிட்டார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன்.

போன வருடம் தனியாகப் புசல்லாவைக்குப் பஸ் ஏறினேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வழியெல்லாம் அந்த வார்த்தையை ஒத்திகை பார்த்துக்கொண்டு போய், லயத்து வாசலில் ராமாயியைக் கண்டேன். "ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்றுதான் கேட்க முடிந்தது. "எடுத்துக்குங்க" என்று தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றாள். நமக்கு வேண்டிய படத்தைக் கொடுத்தால் முத்திரையாக அச்சிட்டுத் தரும் வசதி தபாற்கந்தோரில் இருக்கிறது. கல்யாணத் தம்பதியும் பிறந்தநாள் பிள்ளைகளும்தான் வழக்கமாக அதில் வருவார்கள். நான் ராமாயியைக் கொடுத்தேன். முழுத்தாள் ஒன்று வந்தது. அதில் ஒன்றைக் குடிநீர்ப் பக்கத்தின் நடுவில் வைத்துக் கீழே எழுதினேன்: 'ராமாயி, பிள்ளைமடுவ ஆயா. தோட்டத்துக் குடிநீர் கெட்டதை வெளியே சொல்லிப் பிள்ளைகளைக் காத்தவர். தோட்டக் கந்தோரின் சொற்படி அதைக் காய்ச்சல் என்று பொய்யாகப் பதிந்தவர், இந்தத் தொகுப்பைச் செய்தவர்.' நீ பயந்தது இந்த வரிகளுக்குத்தான். அம்மாவிடம் காட்டினேன். "எடுக்காதீங்க. தண்ணி கொதிக்கவச்சது நான். எனக்கும் அதுல பங்கிருக்கு" என்றாள்.

முதல் தடை கண்டியிலேயே வந்தது. கண்காட்சிச் செயலாளர் திகனயில் கடை வைத்திருக்கும் ஹாஜியார். என் நல்ல நண்பர். சட்டகங்களை மாட்டிக்கொண்டு வந்தவர் என்னுடையதில் நின்றுவிட்டார்.

"சேர், ரூல் ஒண்டு ஈக்கிதானே. ஆள் போட்டோ போட்டு அடிக்கிற முத்திரைய போட்டிக்கி வைக்க ஏலா. இத எடுத்தா உங்களுக்கு மெடல் நிச்சயம்."

"மெடல் வேணாம், ஹாஜியார். பக்கம் இருக்கட்டும்."

"நல்லா யோசிச்சுச் சொல்றீங்களா?"

"இருபத்தெட்டு வருஷம் யோசிச்சாச்சு."

அவர் வரிகளை இன்னொரு தடவை வாசித்தார். பிறகு 'போட்டிக்கு அல்ல' என்று ஒரு சீட்டு எழுதி மூலையில் குத்திவிட்டு, சட்டகத்தைத் தூக்கி வாசலுக்கு நேரே, எல்லோரும் நுழைந்ததும் பார்க்கிற இடத்தில் மாட்டினார்.

இரண்டாம் நாள் காலையில் உன் மாமனார் மகள் கோமதியைக் கூட்டிக்கொண்டு வந்தார். சம்பந்தி வீட்டுக் கண்காட்சி என்று வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். அந்தப் பக்கத்தின் முன் வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"சம்பந்தி ஆகப்போறோம். இதெல்லாம் இப்பத் தேவைதானுங்களா?"

"தேவையில்லன்னு தாங்க இவ்வளவு காலம் இருந்தேன்."

"நானா சொன்னேன்? மேலிருந்து சொல்லிவச்சிருந்தத உங்ககிட்ட வந்து சொன்னேன். அவ்வளவுதானே?"

"ஆமாங்க. நானும் நீங்க சொன்னத எழுதினேன், அவ்வளவுதான். அதனாலதான் உங்க பேரப் போடல. எழுதின கை என்னோடது. என்னப்பத்தி மட்டுந்தான் போட்டிருக்கேன்."

"ஊர்ல உள்ளவனுக்கு யாருன்னு தெரியாதா? கல்யாணத்தப்பத்தி நான் யோசிக்கவேண்டி வரும்."

கோமதி இதற்குள் பக்கத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டாள். அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "மாமா, இதுல ஒரு புள்ளையும் செத்துப்போனதா அப்பா ஒருக்கா சொல்லியிருக்காரு. அந்தப் புள்ள பேரு என்ன?"

மகனே, அந்த இடத்தில் நான் கூனிக்குறுகிப் போனேன். உலகத்து முத்திரைகளில் எல்லாம் பிள்ளையின் பெயர் இல்லை என்று குறை கண்டுபிடித்தவன், என் பக்கத்தில் அந்தப் பிள்ளை செத்ததையே எழுதவில்லை. மறந்து விடவில்லை. எழுதப் பயந்து, 'காத்தவர்' என்று எழுதி மேலே பூசிவிட்டேன். பதினொரு பெயரில் ஏழாவதாக அவளை நான்தான் பதிந்தேன். "சரோஜா" என்றேன். கோமதி தன் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள். ஹாஜியாரைக் கூப்பிட்டுச் சட்டகத்தைத் திறக்கச் சொல்லி, சம்பந்தியின் கண்முன்னாலேயே அந்தப் பக்கத்தில் எழுதினேன்: 'சரோஜா, மூன்று வயது. இந்தத் தண்ணீரால் இறந்தாள்.' உன் மாமனார் வெளியே போய்விட்டார். "நீங்க போங்கப்பா, நான் பஸ்ல வந்துர்றேன்" என்று கோமதி அங்கேயே நின்றுகொண்டாள்.

பின்னேரம் ராமாயி வந்தாள். என் அழைப்பில் வந்தாள். கம்பளையில் பஸ் மாறித் தனியாகவே வந்துவிட்டாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. கோமதிதான் பக்கத்தில் நின்று, ஒரு வரி விடாமல் சத்தமாக வாசித்துக் காட்டினாள். பொய்யாகப் பதிந்தவர் என்ற இடம் வந்தபோது நான் தரையைப் பார்த்தேன். ராமாயி சாதாரணமாகச் சொன்னாள்: "அது அன்னைக்கே தெரியுங்களே. புள்ளைங்களுக்கு உப்புச்சீனித் தண்ணி தானே கரைச்சுக் குடுத்தீங்க. காய்ச்சலுக்கு எவன் உப்புத்தண்ணி குடுப்பான்?"

"நான் தப்புப் பண்ணிட்டேன், ராமாயி. உனக்கும் பண்ணிட்டேன்."

"ஆமாங்க, பண்ணிட்டீங்க" என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாததற்காக இன்றும் அவளை மதிக்கிறேன். பிறகு கண்ணாடிக்குக் கிட்டப் போய்த் தன் முகத்தைப் பார்த்தாள். "மூக்குத்தி தெரியலையே" என்று குறைப்பட்டாள். கொஞ்சம் பொறுத்து, "ஐயா, இது நெசமான முத்திரையா? கடுதாசில ஒட்டுனா போகுமா?" என்று கேட்டாள்.

"போகும்."

"அப்ப ஏன் கண்ணாடிக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கீங்க? எங்க லயத்துக்கு மேல புதுசா ஒரு தொட்டி கட்டியிருக்காங்க. அதுக்கும் மூடி இல்ல. காக்கா குளிக்குது. கந்தோருக்கு எழுதுங்க. எம் மூஞ்சிய ஒட்டி அனுப்புங்க, யாரு கேக்குறான்னு தெரியட்டும்."

முத்திரை சேர்ப்பவன் தாளில் மீதியுள்ள புதுமுத்திரைகளைத் தபாலுக்குக் கிழிக்கமாட்டான். கிழித்தேன். அன்று தொடங்கி, தோட்டக் கந்தோருக்கும் சுகாதாரக் கந்தோருக்கும் பிரதேச சபைக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன். தமிழில் நான் எழுத, சிங்களத்தில் கோமதி எழுதுகிறாள். ஆமாம், உன் வருங்காலப் பெண்சாதிதான். சனிக்கிழமைகளில் இங்கே வந்து எழுதிவிட்டுப் போகிறாள். உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள், நீ கேட்டிருக்கமாட்டாய். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு ஒரு பரிசோதகர் போய்ப் பார்த்திருக்கிறார். போன கிழமை மூடி போட்டுவிட்டார்கள். பூட்டு இன்னும் போடவில்லை. அடுத்த கடிதம் பூட்டுக்கு.

நீ டாக்டர். உன் முன்னாலும் ஒரு படிவம் வரும், அதில் ஒரு வெற்றிடம் இருக்கும். அதில் என்ன எழுதவேண்டும் என்று உனக்குத் தெரிந்திருக்கும். அப்போது ஒருவர் வருவார். கெட்டவர் போல இருக்கமாட்டார். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தவராக இருப்பார், உன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பார்த்துக் கொடுத்தவராகக்கூட இருப்பார். "இப்போதைக்கு இப்படிப் போடுங்க, டாக்டர்" என்பார். மிரட்டினால் எதிர்த்து நின்றுவிடலாம். தன்மையாகக் கேட்கும்போதுதான் கை தானாக எழுதிவிடும். என் கை எழுதியது. உன் கையை நீ பார்த்துக்கொள். அப்பாவைப்போல இரு என்று ஊரில் எல்லாத் தகப்பனும் சொல்லும் புத்தியை நான் உனக்குச் சொல்லமுடியாது. அன்றைக்கு அந்த மேசையில் இருந்த அப்பாவைப்போல மட்டும் இருந்துவிடாதே.

உன் மாமனார் நேற்றுத் தொலைபேசியில் எடுத்தார். "பத்திரிகை அடிச்சாச்சு. பொண்ணும் ஒரே பிடியா நிக்குது. நான் என்னத்தச் சொல்ல?" என்றார். வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "சரோஜான்னு எனக்கு ஞாபகமில்லங்க. அன்னைக்கே கேட்டு வச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் வீட்டுச் சோற்றை நான் சந்தோசமாகச் சாப்பிடுவேன்.

ஆனால் ஒன்று. அம்மாவிடம் நீ சொன்னாயாம், ராமாயியைக் கூப்பிடுவதானால் தோட்டத்து ஆட்களோடு பின்னுக்கு உட்காரவைக்கலாம், இரண்டு பக்கத்துக்கும் சங்கடம் இராது என்று. பத்திரிகையை நானே கொண்டுபோய் வெற்றிலை பாக்கோடு அவள் கையில் கொடுத்துவிட்டேன். அன்றைக்குக் காலையில் வான் பிடித்து நானே போய்க் கூட்டிவருவேன். முன்வரிசையில் மாப்பிள்ளையின் தகப்பனுக்கு ஒரு கதிரை போட்டிருப்பீர்கள் அல்லவா? அதில் ராமாயி உட்காருவாள். நான் பக்கத்தில் நிற்பேன். யாருக்காவது சங்கடமாக இருந்தால் பின்னுக்கு நிறைய இடம் இருக்கும், அவர்கள் அங்கே போய் உட்காரட்டும்.

உன் நன்மையை விரும்பும்,
அப்பா